ஆறு முறை வந்த கதை

உத்திரமேரூரில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசகர் வட்டம் சில காலமாக ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கிறது. நண்பர்களின் வீடுகளில் கட்டிவைக்கப்பட்டிருக்கும் பழைய சிற்றிதழ்களிலும் தொகுப்பு நூல்களிலும் உள்ள சிறுகதைகளுக்கு ஓர் அடைவு தயாரித்து, இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்பதே அது. எங்களில் இருவருக்கு நிரல் எழுதத் தெரியும். மற்றவர்கள் பள்ளி ஆசிரியர்கள், விவசாயிகள், ஓய்வுபெற்றவர்கள். தூசி தட்டிப் பக்கம் புரட்டி விவரங்களை உள்ளிட்டவர்கள் அவர்களே.

ஓரளவு விவரங்கள் சேர்ந்ததும் தேடற்பெட்டியில் ‘பொன்னகரம்’ என்று தட்டிப் பார்த்தோம். புதுமைப்பித்தனின் அந்தக் கதை ஆறு முறை வந்து நின்றது. உள்ளிட்டவர் ஒருமுறைக்கு ஆறுமுறை தட்டியிருப்பார் என்றே முதலில் நினைத்தோம். கதைகளின் அட்டவணையைத் திறந்து பார்த்தால் அங்கே ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. உள்ளிட்டவர் மேல் பிழையில்லை. கேட்ட எங்கள் மேல்தான் பிழை. அதைக் கண்டுகொள்ள எங்களுக்கு மூன்று கூட்டங்கள் பிடித்தன. அந்த மூன்று கூட்டங்களில் கற்றதை இங்கே எழுதிவைக்கிறோம். இலக்கியப் பதிவுக்கு இந்தத் தொழில்நுட்பச் சங்கதி எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இனி நம் இலக்கிய வரலாறு பெருமளவுக்கு இத்தகைய அடைவுகளிலிருந்தே எழுதப்படும் என்று நம்புகிறோம். அடைவு பொய் சொன்னால் வரலாறும் பொய் சொல்லும்.

நடந்தது இதுதான். கதைகளுக்கு ஓர் அட்டவணை. ஒரு கதை எங்கெங்கே அச்சாயிற்று என்பதற்கு ஓர் அட்டவணை. அக்கதை எதைப் பற்றியது என்னும் குறிச்சொற்களுக்கு இன்னோர் அட்டவணை. ‘பொன்னகரம்’ 1934இல் மணிக்கொடியில் வந்தது. பின்னர் தொகுதியிலும் இடம்பெற்றது. ஆக, அச்சு விவரம் இரண்டு வரிசை. நகரம், வறுமை, பெண் என்று குறிச்சொற்கள் மூன்று. இவ்விரண்டு அட்டவணைகளையும் கதையோடு ஒரே வினாவில் ஜாயின் செய்தோம். ஜாயின் என்பது இரு அட்டவணைகளில் பொருந்தும் வரிசைகளையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டுவது. மணிக்கொடி அச்சுக்கு மூன்று குறிச்சொற்கள், தொகுதி அச்சுக்கு மூன்று குறிச்சொற்கள்; இரண்டும் மூன்றும் பெருகி ஆறாயின. கணினி கணக்குத் தவறவில்லை. ‘இக்கதையின் அச்சு ஒவ்வொன்றையும் குறிச்சொல் ஒவ்வொன்றோடும் சோடி சேர்த்துக் காட்டு’ என்று எங்களை அறியாமலே நாங்கள் கேட்டிருந்தோம். அது காட்டியது.

இந்த இடத்தில் அநேகமாக எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். வினாவின் தலையில் ‘டிஸ்டிங்க்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தோம். ஒன்றுபோலிருக்கும் வரிசைகளை அது ஒன்றாக்கிவிடும். ஆறு ஒன்றாயிற்று. எல்லோரும் மகிழ்ந்து தேநீர் குடித்தோம்.

அந்த மகிழ்ச்சி அடுத்த கூட்டம்வரை நீடித்தது. தலைப்போடு அச்சான ஆண்டையும் காட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். காட்டினோம்; ஒன்று இரண்டாயிற்று. குறிச்சொல்லையும் காட்டினோம், மறுபடியும் ஆறு. இப்போது வரிசைகள் ஒன்றுபோல் இல்லையாதலால் டிஸ்டிங்க்ட் கைவிரித்துவிட்டது. நோய் போகவே இல்லை, போர்வைதான் போர்த்தியிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதைவிடப் பெரிய இரண்டு தீங்குகளைப் பின்னரே கண்டோம். தலைப்பை மட்டும் காட்டும் பட்டியலில், ‘தாய்’ என்று இருவர் தனித்தனியே எழுதிய கதைகள் ஒரே வரிசையாகச் சுருங்கிவிட்டன. இல்லாத ஐந்து பேரை விரட்டப் போய் இருந்த ஒருவரையும் சேர்த்து விரட்டியிருந்தோம். இன்னொன்று கூட்டல் கணக்கு. ஓர் எழுத்தாளரின் கதைகள் மொத்தம் எத்தனை பக்கம் என்று கேட்டால், ஆறு பக்கக் கதை முப்பத்தாறு பக்கமாகக் கூடியது. கூட்டலுக்குள்ளேயே டிஸ்டிங்க்ட் போட்டுப் பார்த்தோம். அப்போது வேடிக்கை தலைகீழாயிற்று: ஆறு பக்கமுள்ள வெவ்வேறு கதைகள் நான்கு இருந்தாலும், ஆறு என்ற எண் ஒருமுறை மட்டுமே கூட்டப்பட்டது. பக்கக் கணக்கானதால் சிரித்துவிட்டுப் போனோம். ரேஷன் அரிசியோ கூலியோ இப்படிக் கணக்காகியிருந்தால் யாருக்கு நட்டம் என்று எண்ணிப் பார்த்தோம்.

எங்கள் கூட்டம் நடக்கும் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அந்த மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. மக்களாட்சிக்குச் சான்று என்று மேடைதோறும் அவற்றைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டோம். மூன்றாவது கூட்டம் முடிந்து அந்தப் பக்கம் நடந்தபோது வேறொரு விதமாக அவற்றை வாசிக்கத் தோன்றியது. ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்படாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சபை உட்கார்ந்து யோசித்த ஆவணம் அது.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, அந்த ஓலைகளைத் தனித்தனிக் கட்டாகக் கட்டி, கட்டின் மேல் இன்ன குடும்பு என்று காட்டும் வாயோலை பூட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இட்டார்கள். மகாசபை கூடிய பின் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டு வேறொரு வெறுங்குடத்துக்கு மாற்றப்பட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் பெயரை வாசிப்பான். நம்பிமாரும் வாசிப்பார்கள். அப்பெயர் எழுதிக்கொள்ளப்படும். இப்படிக் குடும்புக்கு ஒருவராக முப்பது பேர். அவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும்.

இதில் எங்களை நிறுத்திய இடம் அந்த வெறுங்குடம். எல்லா ஓலைகளையும் ஒரே குடத்தில் கொட்டிக் குலுக்கியிருந்தால் ஒரு குடும்பிலிருந்து நால்வர் வரலாம், இன்னொன்றிலிருந்து ஒருவரும் வராமல் போகலாம். அப்புறம் வேண்டாதவர்களைக் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் அப்படிக் கழிக்கவில்லை. முதலில் ஒரு கட்டைத் தனியே பிரித்து, அதை ஒரு பெயராகச் சுருக்கி, அதன் பின்பே அந்தப் பெயரை முப்பதின் பட்டியலில் சேர்த்தார்கள். இரட்டிப்பு வந்த பின் நீக்குவது வேறு, வராதபடி கேட்பது வேறு. வாயோலையைக் கவனிக்காமல் முப்பது குடும்புகளையும் அவ்வூரின் பன்னிரண்டு சேரிகளையும் சும்மா ஜாயின் செய்தால் 360 வரிசைகள் வரும். எந்தக் குடும்பு எந்தச் சேரியில் என்ற உண்மை அந்த 360இல் மூழ்கிப் போகும். வலை நிரல்களில் இணைப்பு நிபந்தனையை எழுத மறந்தவர்கள் அனுபவிப்பது இந்த வெள்ளத்தைத்தான்.

இந்த வெளிச்சத்தில் எங்கள் நிரலைத் திருத்தினோம். இதே சிக்கலில் இருக்கும் நண்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் வழிமுறையை எழுதுகிறோம். முதற்கண், ஒரு வரிசை என்பது எதைக் குறிக்கவேண்டும் என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ள வேண்டும். ‘ஒரு வரிசை, ஒரு கதை’ என்றா, ‘ஒரு வரிசை, ஒரு கதையின் ஓர் அச்சு’ என்றா? இதை எழுத முடியாதவரை நிரலைத் தொடக்கூடாது. அடுத்து, ஜாயின்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வரிசைகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை எந்த ஜாயினில் எகிறுகிறதோ அங்கே ‘ஒன்றுக்குப் பல’ உறவு ஒளிந்திருக்கிறது. அத்தகைய கிளைகள் இரண்டு இருந்தால் அவை ஒன்றையொன்று பெருக்கும். ஒவ்வொரு கிளையையும் கதைக்கு ஒரு வரிசையாகத் தனியே சுருக்கிய பிறகே கதையோடு சேர்க்க வேண்டும். அல்லது இரண்டு வினாக்களாகக் கேட்டுவிட வேண்டும். வறுமை என்ற குறிச்சொல் உள்ள கதைகள் மட்டும் போதும் என்றால் ஜாயினே தேவையில்லை. ‘இருக்கிறதா’ என்று மட்டும் கேட்கும் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ போதும்.

கல்வெட்டிலும் இத்தகைய கேள்வி ஒன்று உண்டு. கடந்த மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலாவது இருந்தவர் பெயர் ஓலையில் எழுதப்படலாகாது. அவர் ஒரு வாரியத்தில் இருந்தாரா இரண்டில் இருந்தாரா என்பது பொருட்டல்ல. இருந்தாரா என்பதே கேள்வி. அதற்குப் பழைய பட்டியலைப் பார்த்தால் போதும், அதைப் புதிய பட்டியலோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி ‘ஃபாரின் கீ’ பற்றி. ஓர் அட்டவணையின் வரிசை இன்னோர் அட்டவணையின் எந்த வரிசைக்கு உரியது என்று காட்டும் எண் அது. கட்டின் மேல் பூட்டிய வாயோலை என்று கொள்ளலாம். ஃபாரின் கீ போட்டுவிட்டால் இரட்டிப்பு வராது என்று எங்களில் ஒருவர் உறுதியாக நம்பியிருந்தார். பலரும் அப்படி நம்புகிறார்கள். அது தரும் காவல் ஒன்றுதான்: இல்லாத கதைக்கு அச்சு விவரம் சேர்க்க விடாது. இருக்கும் கதைக்கு அதே விவரத்தை இரண்டு முறை சேர்ப்பதை அது தடுக்காது. படிவத்தின் பொத்தானை அவசரத்தில் இருமுறை அமுக்கிய எங்கள் ஆசிரிய நண்பர் ஒருவரால் அப்படிச் சில வரிசைகள் உண்மையாகவே இரட்டித்திருந்தன. அதைத் தடுக்க, கதையின் எண்ணும் குறிச்சொல்லின் எண்ணும் சேர்ந்த சோடி ஒருமுறைதான் வரலாம் என்று ‘யூனிக்’ கட்டுப்பாட்டைத் தனியே விதிக்க வேண்டும். வாயோலை என்ன குடும்பு என்று சொல்லும். அதே பெயர் கட்டுக்குள் இரண்டு ஓலையில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

காவலே இல்லாமல் காவல் இருப்பதாக நினைத்துக்கொள்வதும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘மைஐசாம்’ அட்டவணைகள் ஃபாரின் கீ கட்டளையை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, அதன்படி எதுவும் செய்யாமல் விட்டுவிடும். 2010இல் வந்த 5.5 பதிப்பிலிருந்துதான் அதைச் செயற்படுத்தும் ‘இன்னோடிபி’ இயல்பிருப்பாயிற்று. அதற்கு முன் உருவாகி அப்படியே தொடரும் அட்டவணைகளைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. எஸ்க்யூலைட்டிலோ ஒவ்வொரு முறை இணையும்போதும் அந்தக் காவலை நாமே முடுக்கிவிட வேண்டும்.

இதில் ஒரு வரலாற்று முரணும் இருக்கிறது. 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் தொடர்புசார் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டபோது, அட்டவணை என்பது கணிதத்தின் கணத்தைப் போன்றது. ஒரே உறுப்பு இருமுறை இருக்க முடியாது. 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் முன்வைத்த வினாமொழியே பின்னர் எஸ்க்யூஎல் ஆனது. அது இரட்டை வரிசைகளை அனுமதித்தது. வேண்டுமானால் டிஸ்டிங்க்ட் போட்டுக்கொள்ளும் பொறுப்பு கேட்பவரிடம் விடப்பட்டது. நாம் படும் பாட்டில் ஒரு பகுதி அந்தச் சலுகையின் விலை.

ஆனால் எந்தக் கட்டுப்பாட்டாலும் தீராத ஓர் இரட்டிப்பு இலக்கிய அடைவுகளுக்கே உரியது. அது ஆசிரியர் பெயர். சுந்தர ராமசாமி கதை எழுதினார், பசுவய்யா கவிதை எழுதினார். இருவரும் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது? ந. பிச்சமூர்த்தியையும் பிக்ஷுவையும் இரண்டு வரிசையாக்கிவிட்டோம். அதைச் சரிசெய்த உற்சாகத்தில் எதிர்த்திசைப் பிழைக்கும் போனோம். கு.ப. ராஜகோபாலனுக்குக் கரிச்சான் என்ற புனைபெயர் உண்டு. ஆகவே கரிச்சான் குஞ்சுவையும் அவரோடு சேர்த்துவிட்டார் ஒரு நண்பர். கரிச்சான் குஞ்சு, கு.ப.ரா.வின் மீதுள்ள ஈடுபாட்டால் அப்பெயரைச் சூட்டிக்கொண்ட வேறொருவர். நாராயணசாமி என்பது இயற்பெயர். இயற்பெயரைச் சாவியாக வைத்தாலும் தப்பிக்க முடியாது. எழுத்தாளர் சுஜாதாவும் ரங்கராஜன், கவிஞர் வாலியும் ரங்கராஜன். இருவரும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்கள் வேறு. ஆகவே ஆளுக்கு ஓர் எண், அந்த எண்ணின்கீழ் அவருடைய பெயர்கள் எத்தனையோ அத்தனை என்று வைப்பதே முறை. எந்தப் பெயர் எந்த எண்ணுக்கு உரியது என்பதை எந்த நிரலும் தீர்மானிக்காது. படித்தவர்கள் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். உத்திரமேரூர்ச் சபை, கணக்குக் காட்டாதவனின் உறவினரை விலக்கியபோது ‘உறவினர்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்தவில்லை. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தான், தந்தையோடு உடன்பிறந்தான் என்று ஒவ்வோர் உறவையும் பெயர்சொல்லி வரையறுத்தது. உறவை வரையறுக்காமல் இணைத்தால் வம்பு என்று அவர்கள் பட்டறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக எங்களை உறுத்தும் ஒன்றைச் சொல்லவேண்டும். இரட்டிப்பையெல்லாம் ஒழித்துவிட்டோம் என்று நிமிர்ந்தபோது, மொத்தக் கதைகளின் எண்ணிக்கை அட்டவணையில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தது. தேடிப் பார்த்தால், ஆசிரியர் பெயர் அச்சிடப்படாத கதைகள் அத்தனையும் காணாமற் போயிருந்தன. ஆசிரியர் எண் காலியாக இருக்கும் வரிசை, ஆசிரியர் அட்டவணையோடு சாதாரண ஜாயினில் சேரும்போது பொருந்த ஆளில்லாமல் உதிர்ந்துவிடும். ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டால் அது நிற்கும். அதற்குப் பிறகும் வடிகட்டும் பகுதியில் ஆசிரியரைப் பற்றி ஒரு நிபந்தனை எழுதினால் மறுபடி உதிரும். ஆறு முறை வந்த கதை முதல் நாளே கண்ணில் பட்டது. வராமல் போனவற்றைப் பல வாரங்கள் எவரும் தேடவில்லை.

கல்வெட்டின் பெருமையைப் பேசிய கையோடு இதையும் பேசாவிட்டால் நாங்கள் நேர்மையற்றவர்களாவோம். அந்தக் குடத்துக்குள் போன ஓலைகளில் இருந்தவை கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் கொண்ட, வேதம் கற்ற ஆடவர்களின் பெயர்கள். அரைக்கால் வேலி போதும் என்ற சலுகைகூட ஒரு வேதத்தோடு பாஷ்யமும் வல்லவர்க்கே. அந்த நிலத்தில் உழுதவர்கள், ஏரியில் மண் சுமந்தவர்கள், பெண்கள் யாருக்கும் ஓலை இல்லை. முறை எவ்வளவு குற்றமற்றதாயினும், எழுதப்படாத பெயரை எந்தச் சிறுவனும் எடுத்துவிட முடியாது. இணைப்பில் உதிர்ந்தவர்களைக் குலுக்கல் மீட்டுத் தராது.

எனவே எங்கள் கருத்து இது. இலக்கியத்துக்கு அடைவு செய்வோர், நிரலை நிரலறிந்தவரிடம் விட்டுவிட்டு விலகிக்கொள்ளக்கூடாது. எது ஒன்று, எது பல, யார் யாரோடு உறவு, யாருக்குப் பெயரில்லை என்பவை வாசகர்கள் விடைசொல்ல வேண்டிய கேள்விகள். நிரல் அவர்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். இரட்டை வரிசை வந்தால் உடனே வாயடைக்காமல், ‘நாம் என்ன கேட்டோம்?’ என்று ஒருமுறை பார்க்க வேண்டும். 919இல் எழுதிய விதி போதவில்லை என்று கண்டு, இரண்டே ஆண்டுகளில் அதைத் திருத்தி, முப்பதிலிருந்து அறுபது என்றிருந்த வயது வரம்பை முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று மாற்றிய சபை, பழைய விதியை அழிக்கவில்லை. இரண்டும் அதே கோயிலில் இன்றும் இருக்கின்றன.

எங்கள் அடைவிலும் அதையே பின்பற்றுகிறோம். எந்தப் பெயரை எதனோடு சேர்த்தோம், எதைப் பிரித்தோம் என்று தேதியோடு ஒரு தனி அட்டவணை வைத்திருக்கிறோம். ‘ஆசிரியர் பெயர் இல்லை’ என்று ஒரு பக்கமும் திறந்திருக்கிறோம். இப்போதைக்கு அதுதான் எங்கள் அடைவிலேயே நீளமான பக்கம். வரும் ஞாயிறு அதில் ஒரு கட்டை எடுத்து உட்காரப் போகிறோம். பழைய இதழ் வைத்திருக்கும் நண்பர்கள் அதையும் கொண்டு வந்தால் நல்லது.